தோற்ற நாடுகளில் எதை எடுத்துப் படிப்பது?

ராயபுரத்தில் எங்கள் தெருவில் சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையைத் தாத்தா காலத்து ஆட்கள் "சரியான எம்டன்டா இவன்" என்பார்கள். அந்தச் சொல் கடல் வழியாக வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. உயர் நீதிமன்ற மதிலில் அதற்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அடுத்த நாற்பத்தைந்து வருடங்களில் ஜெர்மனி இரண்டு உலகப் போர்களில் தோற்று, இரண்டாகப் பிளந்தது. அதன் மேற்குப் பாதி 1959-இல் நமக்கு ஐஐடி மெட்ராஸ் அமைய உதவியது. இயந்திரங்களும் வந்தன, பேராசிரியர்களும் வந்தார்கள்.

தரைமட்டமான ஒரு நாடு பதினாலு வருடத்தில் இன்னொரு நாட்டுக்குக் கல்லூரி கட்ட உதவும் நிலைக்கு எப்படி வந்தது? அதே நாடு முதல் தோல்விக்குப் பிறகு ஏன் இட்லரிடம் போய் விழுந்தது?

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் இந்தக் கேள்விதான் அடுத்த ஆறு கூட்டங்களுக்கான பொருள். பன்னிரண்டு பேர், மொட்டை மாடியில் பாய் விரித்து உட்காருகிறோம். போன முறை ஒரே தலைப்புக்குப் பத்து நாடுகளை எடுத்து நுனிப்புல் மேய்ந்தோம். அதனால் இந்த முறை ஒன்றே ஒன்று என்று முடிவு செய்திருக்கிறோம். ஐந்து பெயர்கள் வந்திருக்கின்றன: 1871-இல் பிரான்ஸ், 1918-இல் ஜெர்மனி, அதே போரில் தோற்ற துருக்கி, 1945-இல் மேற்கு ஜெர்மனி, 1945-இல் ஜப்பான். ஓட்டெடுப்புக்கு முன்னால் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். வேறு ஊர்களில் இதுபோல் கூடிப் படிப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

எத்தனை பேர் செத்தார்கள், எவ்வளவு நிலம் போனது என்பதை வைத்து மட்டும் இந்த நாடுகளை ஒப்பிட்டால் ஒன்றும் பிடிபடவில்லை. குறைவாக இழந்த நாடு நாசமாகியிருக்கிறது, எல்லாம் இழந்த நாடு நிமிர்ந்திருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கு இரண்டு கேள்விகள்தான் மிஞ்சின. தோல்விக்குக் கையெழுத்துப் போட்டது யார்? தோல்வியின் செலவைக் கட்டியது யார்? முதலாவது அரசியலைத் தீர்மானிக்கிறது, இரண்டாவது பொருளாதாரத்தை. இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும் இடத்தில்தான் ஒரு நாடு தேறுவதும் தேறாததும் இருக்கிறது.

முதலில் 1918 ஜெர்மனி. அந்தச் செப்டம்பர் 29 அன்று, போரை நடத்திய தளபதி லூடன்டார்ஃப் இனிமேல் முடியாது, உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று தன் அரசிடம் சொன்னார். ஆனால் போய்க் கேட்கும் வேலையை நாடாளுமன்றக் கட்சிக்காரர்கள் தலையில் கட்டினார். நவம்பர் 11 அன்று, பிரான்சின் கொம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டிக்குள், ஜெர்மன் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிக் கையெழுத்துப் போட்டவர் மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. லூடன்டார்ஃபும் அங்கே இல்லை, தலைமைத் தளபதி ஹிண்டன்பர்கும் இல்லை. அப்போது ஜெர்மன் மண்ணில் கிட்டத்தட்ட எங்கும் எதிரிப் படை கால் வைத்திருக்கவில்லை. படை அணிவகுத்து ஊர் திரும்பியது. பெர்லினில் அவர்களை வரவேற்ற புதிய அரசின் தலைவர் எபர்ட், அவர் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர், எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை என்று பேசினார். நொந்துபோய் வந்த பையன்களுக்கு ஆறுதலாகச் சொன்ன வார்த்தை அது. வெல்லப்படவில்லை என்றால் ஏன் தோற்றோம் என்று கேட்டவர்களுக்கு அடுத்த வருடமே ஹிண்டன்பர்க் பதில் தந்தார்: படையை உள்ளூர்க்காரர்கள் முதுகில் குத்திவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். எர்ட்ஸ்பெர்கரை 1921 ஆகஸ்டில் சுட்டுக் கொன்றார்கள். வெளியுறவு அமைச்சர் வால்டர் ராட்டெனாவை 1922 ஜூனில் கொன்றார்கள். தோல்வியைக் கொண்டுவந்த ஹிண்டன்பர்க் 1925-இல் அதே குடியரசின் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இனி செலவுக் கணக்கு. போரை முடித்துவைத்த 1919 வெர்சாய் ஒப்பந்தம் ஐரோப்பாவில் ஜெர்மனிக்கு இருந்த நிலத்தில் சுமார் 13 சதவீதத்தைப் பிடுங்கியது. படையை ஒரு லட்சம் பேருக்குள் அடக்கியது. 1921-இல் இழப்பீட்டுத் தொகை 13,200 கோடி தங்க மார்க் என்று முடிவானது. இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் பணம் கெட்டுப்போகத் தொடங்கியது போர் நடக்கும்போதே. ஜெர்மன் அரசு போதிய வரி போடாமல், மக்களிடம் போர்க் கடன் பத்திரம் விற்றே போரை நடத்தியது. ஜெயித்ததும் தோற்றவனிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அது. தோற்றதும் கடன் தன் வீட்டுக்கே திரும்பியது. 1923 ஜனவரியில், தவணை பாக்கி என்று பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் தொழிற்சாலைகள் நிறைந்த ரூர் பகுதிக்குள் படையோடு புகுந்தன. அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க அரசு நோட்டு அடித்தது. போருக்கு முன் 4.2 மார்க்காக இருந்த ஒரு டாலர், நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். பெர்லினில் ஒரு ரொட்டி சுமார் 20,000 கோடி மார்க்.

இந்த எண்ணைப் பார்த்து வியந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடக் கூடாது. யாருக்கு என்ன ஆனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கடன் வாங்கி நிலமும் ஆலையும் வைத்திருந்தவனுக்குக் கடன் காணாமல் போனது. ஹூகோ ஸ்டின்னஸ் போன்ற தொழிலதிபர்கள் அந்த வருடங்களில்தான் ஊதிப் பெருத்தார்கள். அரசை நம்பிப் பத்திரம் வாங்கிய ஆசிரியர், ஓய்வூதியக்காரர், கணவனைப் போரில் இழந்து சேமிப்பை மட்டும் நம்பியிருந்த பெண், இவர்களுக்குக் கையில் காகிதம். நாட்டுக்கு அதிகம் நம்பிக் கொடுத்தவர்களே அதிகம் இழந்தார்கள்.

அப்புறம் ஒரு விஷயம், இதைத் தவறாகச் சொல்லாத ஆள் குறைவு. இட்லரை ஆட்சிக்குக் கொண்டுவந்தது அந்தப் பணவீக்கம் என்பார்கள். 1924-க்குப் பிறகு பணம் நிலைத்தது, அமெரிக்கக் கடன் வந்தது, 1928 தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 2.6 சதவீத ஓட்டு. உலக மந்தம் வந்து, அமெரிக்கக் கடன் நின்று, ப்ரூனிங் அரசு செலவையும் சம்பளத்தையும் வெட்டி வெட்டிச் சுருக்கிய பிறகுதான் 1932-இல் வேலையில்லாதவர்கள் 60 லட்சம் ஆனார்கள். அந்த ஜூலையில் நாஜிகளுக்கு 37.3 சதவீதம். பணவீக்கம் நடுத்தர வர்க்கத்தின் நம்பிக்கையைக் கரைத்தது, வேலையின்மை மிச்சத்தை முடித்தது. நடுவில் இருந்த ஐந்து நல்ல வருடங்களை எடுத்துவிட்டுப் பார்த்தால், தோற்ற நாடு சர்வாதிகாரத்துக்குப் போவது தலைவிதி என்று தோன்றும். தலைவிதி இல்லை, தடுத்திருக்கலாம்.

தடுத்திருக்கலாம் என்பதற்குச் சாட்சி 1871 பிரான்ஸ். ஜெர்மனியர்களிடம் தோற்று, அல்சேஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்து, 500 கோடி பிராங்க் இழப்பீடு கட்டச் சம்மதித்தது. பாரிஸ் மக்கள் அரசை எதிர்த்துத் தனி ஆட்சி அமைத்த கம்யூன் எழுச்சியை அரசே ரத்தத்தில் முக்கி அடக்கியது. அவ்வளவு காயத்தோடும் 1873 செப்டம்பருக்குள் முழுத் தொகையையும் கட்டி முடித்தார்கள், ஜெர்மன் படை வெளியேறியது. அரசு 1872-இல் 300 கோடி கடன் கேட்டபோது பத்து மடங்குக்கும் மேல் தர ஆட்கள் முன்வந்தார்கள். பணம் வாங்கிய ஜெர்மனியில் அந்தப் பணமும் சேர்ந்து ஊகவணிகத்தை ஊத, 1873-இல் பங்குச் சந்தை சரிந்தது. செலவைச் சாமானியர்களே சுமந்தார்கள் என்பதும் உண்மை. அரசுத் தலைவர் தியேர் வருமான வரிக்கு ஒப்பவில்லை, மறைமுக வரிகளை ஏற்றினார். ஆனாலும் அரசியல் நிலைத்தது, அந்தக் குடியரசு 1940 வரை ஓடியது. எனக்குத் தெரிந்த முக்கியக் காரணம் கையெழுத்துதான். 1870 செப்டம்பர் 2 அன்று செடானில் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தானே சரணடைந்து கைதியானார். போரைத் தொடங்கியவன் தலையிலேயே தோல்வி விடிந்தது. முதுகில் குத்தினார்கள் என்று சொல்ல அவர் ஆட்களுக்கு வாயில்லை.

துருக்கியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1920-இல் சுல்தானின் ஆட்கள் நாட்டைத் துண்டு போட்ட செவ்ர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அங்காராவில் கூடிய சபை அந்தக் கையெழுத்தையே ஏற்கவில்லை. போராடி, 1923 ஜூலையில் லொசானில் வேறு ஒப்பந்தம் வாங்கினார்கள். அக்டோபரில் குடியரசு, அடுத்த மார்ச்சில் கலீபா பதவியும் இல்லை. நம் ஊரில் கிலாபத் இயக்கம் காக்கப் பார்த்த பதவி அது. அதனால் இந்தக் கதையில் நமக்கு உறவு உண்டு. ஆனால் தோல்வியை ஏற்று வாழ்ந்த கதையைவிட, தோல்வியை மறுத்த கதையாகவே அது இருக்கிறது. எங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தவில்லை, இந்த முறைக்கு விட்டுவிடலாம்.

இனி 1945. ஜப்பானுக்கு வாதாடுபவர் எங்கள் வட்டத்தில் ஒரு அக்கா. தஞ்சாவூர்ப் பக்கம் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அறுப்பு முடிந்ததும் நெல் களத்திலிருந்தே மிராசுதார் வீட்டுக்கு வண்டி ஏறுவதைச் சின்ன வயதில் பார்த்தவர். "மத்த கதையெல்லாம் புத்தகத்துல இருக்கும். ஜப்பான் கதை எங்க வீட்டுல நடந்திருக்க வேண்டியது" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நான் ஜப்பானை உட்கார்ந்து படித்தேன்.

போருக்கு முன் ஜப்பானில் சாகுபடி நிலத்தில் கிட்டத்தட்ட பாதி குத்தகையில் இருந்தது. 1946-இல் தொடங்கிய நிலச் சீர்திருத்தத்தில், ஊரில் குடியிருக்காத நிலக்காரர்களின் நிலம் முழுவதையும், ஊரில் இருப்பவர்கள் குத்தகைக்கு விட்டதில் சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்டதையும் அரசு வாங்கிக் குத்தகைதாரர்களுக்கு விற்றது. வடக்குத் தீவான ஹொக்கைடோவில் மட்டும் வரம்பு அதிகம். விலையை நிர்ணயித்த பிறகு விலைவாசி ஏறிய வேகத்தில், நிலக்காரர் கைக்கு வந்த பணம் கரைந்துபோனது. வாங்கியவருக்கு அதுவே வரம். ஒவ்வொரு கிராமத்திலும் இதை நடத்திய குழுவைப் பாருங்கள்: குத்தகைதாரர் ஐந்து பேர், நிலக்காரர் மூன்று பேர், சொந்த நிலத்தில் உழுபவர் இரண்டு பேர். எந்த வயல் யாருக்கு என்பதை மேலிடத்து அதிகாரி முடிவு செய்யவில்லை, வரப்பு தெரிந்த பத்துப் பேர் முடிவு செய்தார்கள். சில வருடங்களில் குத்தகை நிலம் சுமார் பத்து சதவீதமாகக் குறைந்தது. நம்மிடம் 1961-இல் வந்த உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), 1970-இல் 15 ஆனது. இரண்டு எண்களையும் அந்த இரண்டரைக்குப் பக்கத்தில் வைத்தால் அக்காவின் ஆதங்கம் புரியும்.

ஜப்பானில் கையெழுத்தும் சரியான ஆட்களுடையது. 1945 செப்டம்பர் 2 அன்று மிசூரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் வெளியுறவு அமைச்சர் ஷிகெமிட்சுவோடு படைத் தலைமை சார்பில் ஜெனரல் உமெசுவும் கையெழுத்துப் போட்டார். 1946 ஏப்ரலில் பெண்கள் முதல்முறை ஓட்டுப் போட்டார்கள், 39 பெண்கள் நாடாளுமன்றம் போனார்கள். பட்டினியும் கூடவே இருந்தது. கள்ளச்சந்தை வழக்குகளை விசாரித்த யமாகுச்சி என்ற டோக்கியோ நீதிபதி, தானே கள்ளச்சந்தை அரிசியை வாங்குவதில்லை என்று பங்கீட்டுச் சோற்றை மட்டும் உண்டு 1947 அக்டோபரில் ஊட்டமில்லாமல் இறந்தார். 1949-இல் அரசு செலவைக் கடுமையாக வெட்டியபோது டொயோட்டாவே மூழ்கும் நிலைக்குப் போனது. 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்து, அமெரிக்கப் படைக்கு லாரி ஆர்டர் வந்துதான் மூச்சு வந்தது. பக்கத்து நாட்டு மக்களின் சாவில் வந்த லாபம் அது, அதை மறைத்து ஜப்பானியரின் உழைப்பை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

ஜப்பானைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குள்ள ஒரே தயக்கம் இது. பேரரசர் பதவியில் தொடர்ந்தார், அதிகார வர்க்கம் பெரும்பாலும் அப்படியே நீடித்தது. போர்க்குற்றச் சந்தேகத்தில் சிறையில் இருந்த கிஷி 1957-இல் பிரதமரானார். அதனால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அங்கே பாதியில் நிற்கிறது. இந்தியாவோடு உள்ள உறவு மட்டும் மனதைத் தொடுகிறது: 1952 ஜூனில் தனி ஒப்பந்தம் செய்து நாம் இழப்பீடே வேண்டாம் என்றோம். 1958-இல் ஜப்பான் தன் முதல் யென் கடனைத் தந்தது இந்தியாவுக்குத்தான். இன்று நாம் ஏறும் சென்னை மெட்ரோவிலும் ஜப்பானியக் கடன் இருக்கிறது.

மேற்கு ஜெர்மனிக்கு வருகிறேன். எங்கள் வட்டத்தில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர், "அதுல என்ன இருக்கு தம்பி, அமெரிக்கா பணம் கொடுத்தான், எழுந்தான்" என்றார். போருக்குப் பின் ஐரோப்பாவுக்கு அமெரிக்கா உதவிய மார்ஷல் திட்டத்தில் மொத்தம் சுமார் 1,300 கோடி டாலர். அதில் மேற்கு ஜெர்மனிக்கு வந்தது சுமார் 140 கோடி, பிரிட்டனுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பணமே காரணம் என்றால் பிரிட்டன்தான் முந்தியிருக்க வேண்டும். சாரும் அதை ஒத்துக்கொண்டார். ஆனால் ரஷ்யாவுக்கு எதிராக ஜெர்மனி தேவை என்று அமெரிக்கா நினைத்திராவிட்டால் இவ்வளவு கருணை வந்திருக்காது என்றார். அது சரிதான்.

1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. பங்கீட்டு அட்டை கொடுக்கும் இடங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு 40 புதிய மார்க் வாங்கினார்கள். அதுவரை சிகரெட்தான் பல இடங்களில் நாணயம். மறுநாள் காலை கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எங்கிருந்தோ பாத்திரமும் செருப்பும் வெண்ணெயும் முளைத்திருந்தன, வியாபாரிகள் பதுக்கியவை. பொருளாதார நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்த லுட்விக் எர்ஹார்ட் பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டார். பாடப் புத்தகங்களில் பெரும்பாலும் இந்தக் காட்சியோடு முடித்துவிடுவார்கள். ஆனால் பழைய சேமிப்பில் நூறு மார்க்குக்குக் கடைசியில் கிடைத்தது ஆறரை மார்க். வீடும் பங்கும் வைத்திருந்தவருக்குக் குறைவில்லை. 1923-இல் நடந்த அதே அநியாயம்! விலையேற்றத்தை எதிர்த்து நவம்பரில் பொது வேலைநிறுத்தம் நடந்தது.

வித்தியாசம் அடுத்து வந்தது. 1952-இல் ஒரு சட்டம் போட்டார்கள். தமிழில் பாரப் பகிர்வு என்று சொல்லலாம். குண்டு விழாமல் தப்பிய சொத்து வைத்திருப்பவர், 1948 மதிப்பில் பாதியை முப்பது வருடத் தவணையில் கட்ட வேண்டும். அது குண்டில் வீடு இழந்தவர்களுக்கும், கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த லட்சக்கணக்கான அகதிகளுக்கும் போனது. தப்பித்தது உன் திறமை இல்லை, அதிர்ஷ்டம், ஆகவே பங்கு கொடு என்று ஒரு அரசு எழுதி வைத்தது. நான் இந்த விஷயத்தில் படித்ததிலேயே என்னை அதிகம் பாதித்தது இதுதான். 1953 பிப்ரவரியில் லண்டனில் கடன்காரர்கள் கூடி, ஜெர்மனியின் பழைய கடனை ஏறக்குறைய பாதியாகக் குறைத்து, ஏற்றுமதி வருவாயிலிருந்து கட்டுமளவுக்குத் தவணை பிரித்தார்கள். வெர்சாயில் செய்யாததை அங்கே செய்தார்கள். கையெழுத்தும் இந்த முறை ஃபீல்டு மார்ஷல் கெய்டெல் போட்டது. தெருவெல்லாம் இடிபாடு. தோற்கவில்லை என்று யாரும் சொல்ல முடியவில்லை.

ஆகவே என் ஓட்டு ஜெர்மனிக்கு, 1918-ஐயும் 1945-ஐயும் சேர்த்து ஒரே தொடராக. அதே மக்கள், பல இடங்களில் அதே ஆட்கள். 1917-இலிருந்து கொலோன் நகர மேயராக முதல் தோல்வியைச் சமாளித்த அடனாவர்தான் 1949-இல் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர், நம் பிரதமர் போன்ற பதவி. இரண்டு நாடுகளை ஒப்பிட்டால் மதம், மண், பழக்கம் என்று நூறு காரணம் சொல்லித் தப்பிக்கலாம். ஒரே நாட்டின் இரண்டு தோல்விகளில் அந்தச் சாக்குகள் குறையும். ஆறு கூட்டத்தில் மூன்று முதல் தோல்விக்கு, மூன்று இரண்டாவதுக்கு. ரயில் பெட்டியில் தொடங்கலாம், 2010 அக்டோபர் 3-இல் முடிக்கலாம். முதல் உலகப் போர் இழப்பீட்டுக்காக வாங்கிய கடன் பத்திரங்களின் கடைசித் தவணையை ஜெர்மனி கட்டியது அன்றைக்குத்தான்.

உங்களுக்கு இரண்டே கூட்டம்தான் கிடைக்கும் என்றால் பிரான்சை எடுங்கள். கதை சின்னது, கணக்குத் தெளிவானது, எட்டாவது படிக்கும் பிள்ளைகூட பின்தொடரும். உங்கள் வட்டத்தில் விவசாயக் குடும்பத்துக்காரர்கள் அதிகம் என்றால் ஜப்பான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை.

அக்காவிடம் என் முடிவைப் போனில் சொன்னேன். தன் ஓட்டு ஜப்பானுக்குத்தான் என்றார், வட்டத்தில் இன்னும் மூன்று பேரிடமும் பேசிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கம் ஜெயித்தால், அந்தப் பத்துப் பேர் கிராமக் குழுவைப் பற்றிய கூட்டத்தை நான் எடுத்து நடத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். குத்தகைச் சீட்டு ஒன்று அவருடைய அப்பாவின் பெட்டியில் இன்னும் இருக்கிறதாம், அன்றைக்குக் கொண்டு வருகிறேன் என்றார்.